எடைமேடை: இப்போது செயலில்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்க வந்த பெண்ணுக்கு எல்லாப் பக்கமும் திறந்தது, கையெழுத்தை ஏற்றும் பக்கம் மட்டும் வெள்ளையாக நின்றது. பிரவுசரை மாற்றினேன். நின்றது. வேறு மெஷினில் போட்டேன். அங்கேயும் நின்றது. கூட வந்த அண்ணன்காரன் திரையில் இருந்த பென்குயின் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், விண்டோஸ் கூட இல்லாம நெட் சென்டர் வச்சிகினு கீறீங்க?" என்றான். என் வாய் சும்மா இருக்குமா? "விண்டோஸ் வச்சிருக்கிறவன் கடை பஜார்ல கீது, போங்க" என்று சொல்லிவிட்டேன். போய்விட்டார்கள். போனது வியாபாரம்.

எல்லாம் இந்த மனுஷன் செய்த வேலை. கடையில் இருக்கும் மூன்று மெஷினிலும் என் வீட்டுக்காரர் பீட்டர்தான் பென்குயின் படம் வரும் லினக்ஸைப் போட்டார். "திருட்டு விண்டோஸ் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் நன்மை வாங்க முடியுமா ஹெலன்?" என்பார். வந்தவர்களிடம் பேச்சு வாங்குவது நான். அவருக்கு என்ன, சிப்காட்டில் இரும்பு மில்லின் எடைமேடை அறையில் உட்கார்ந்து, லாரி ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. பிப்ரவரியில் அந்த அறையிலேயே, அந்த நாற்காலியிலேயே போயும் விட்டார். பதில் சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன்.

மத்தியானம் இன்னொரு கூத்து. துணி ஊறவைத்த பக்கெட்டில் போன் விழுந்தது, செத்தது. புதுசு ஒன்று வாங்கி, கடையின் பாஸ்வேர்டெல்லாம் வரவேண்டுமே என்று நரிப் படம் போட்ட அந்த பிரவுசரை இறக்கி, எங்கள் கணக்கில் நுழைந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. "புருஷன் பொண்டாட்டிக்குத் தனித்தனியா எதுக்கு?" என்று அவர்தான் எல்லா மெஷினையும் அதில் கோத்துவைத்தார். ஒன்றில் திறந்த பக்கம் மற்றதில் தெரியும்.

பாஸ்வேர்ட் வந்தது. கூடவே ஒரு பட்டியலும் வந்தது. மற்ற கருவிகள் என்று தலைப்பு. பெயர்கள் அவர் வைத்தவை.

கடை ஒன்று. கடை இரண்டு. கடை மூன்று.

எடைமேடை. பக்கத்தில் பச்சைப் புள்ளி. இப்போது செயலில்.

அதற்குக் கீழே அவர் தினமும் பார்க்கும் பக்கம். பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளின் நீர்மட்டம். என்னமோ நஞ்சை முப்பது ஏக்கர் வைத்திருப்பவர் போல, காலையில் அதைப் பார்க்காமல் நாஷ்டாவில் கை வைக்கமாட்டார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் ஏரி. பூண்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம்.

செப்டம்பர் 11, வியாழன்

நான் முட்டாள் இல்லை. இந்தத் தொழிலில்தான் வயிறு வளர்க்கிறேன். விஷயம் இவ்வளவுதான்: அந்த மெஷினில் பீட்டரின் கணக்கு அப்படியே கிடக்கிறது. பிரவுசரைத் திறந்தால் கடைசியாகத் திறந்திருந்த பக்கங்களையும் அதுவே சேர்த்துத் திறக்கும். பேயுமில்லை, ஒன்றுமில்லை.

இருந்தாலும் ரகுவுக்குப் போன் போட்டேன். பீட்டருக்குப் பிறகு எடைமேடையில் உட்காருவது அவன்தான். தங்கமான பையன், அடக்கத்தன்று குழிக்கு மண் தள்ளியவன்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றான். "எடை போடுற சாப்ட்வேர் இந்தப் பழைய விண்டோஸ்ல, இந்த ஒரு பிரவுசர்லதான் தொறக்குது. பீட்டரண்ணன் பேருலதான் எல்லா செட்டிங்கும் கீது. செஞ்சி குடுத்த கம்பெனியே இப்ப இல்ல. அண்ணன் கணக்க கழட்டினா மேடையே நின்னுடும்னு யாரும் தொடுறதில்ல. மூணு ஷிப்டும் அவரு பேருலதான் ஓட்டினுகீறோம்."

மூன்று ஷிப்ட். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனுக்கு ஒரு ஷிப்ட்தான். இப்போது ஓய்வே கிடையாது.

புரிகிறது. எல்லாம் புரிகிறது. பிறகு ஏன் காலையில் கண் விழித்ததும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறேன்?

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தேன். புதுசாக ஒரு பக்கம். ஏரியில்லை, ஷிப்டுக்காரர்கள் பார்க்கும் கிரிக்கெட்டும் இல்லை. பெயர் கிடையாது, வெறும் எண்ணும் எழுத்துமாக ஒரு முகவரி. தட்டிப் பார்த்தேன். முகம் பார்த்துப் பேசுகிற பக்கம் அது. "இந்த அறையில் இப்போது இருவர் இருக்கிறார்கள். சேர விருப்பமா?" என்று கேட்டது.

பட்டென்று மூடிவிட்டேன்.

ரகுவுக்கு ஞாயிறு லீவு. மில்லும் ஞாயிறு ஓடாது. இருவர் என்றால் யார்?

செப்டம்பர் 16, செவ்வாய்

நாத்தனார் ஆரோக்கியமேரி வந்திருந்தாள். வாயை அடக்கமாட்டாமல் அவளிடம் காட்டித் தொலைத்தேன். போனைத் தொடவே பயந்தாள், முந்தானையால் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, எங்க அண்ணன் ஆத்துமா இளைப்பாறாம சுத்தினுகீது. மொதல்ல அந்தக் கணக்க மூடு. அப்புறம் ஒரு பூசை வை."

"மூடினா மேடை நின்னுடுமாம்."

"மில்லு நின்னா ஒனக்கின்னா?"

அவள் கேட்டது சரி. எனக்கென்ன? என் போனிலிருந்தே அந்த மெஷினைக் கழற்றிவிடலாம், ஒரு தட்டு போதும். ஆனால் என்னால் முடியாது. ஏன் முடியாது என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

அவர் எப்படிப் போனார் என்று யாருக்கும் தெரியாது. மில் மூடியிருந்த ஞாயிறு. கேட்டில் ஒரு வாட்ச்மேன், அறையில் இவர், அவ்வளவுதான். இவர் போனிலிருந்து 108க்கு அழைப்பு போயிருக்கிறது. அவரே அழைத்திருப்பார் என்று மில்லில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது முடிந்துவிட்டிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் எண்களைத் தடவித் தடவி அழுத்தியிருப்பார். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாமல். சோறு பிசையும்போது அந்தக் கை எனக்குத் தெரிகிறது. அச்சு எடுக்கும்போது தெரிகிறது. கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அதே கை.

எனக்குப் பிள்ளை இல்லை. இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, அந்தக் கையும் இந்தப் பச்சைப் புள்ளியும். தனியாகத்தான் போனாரா என்று தெரியாமல் இதை எப்படிக் கழற்றுவேன்?

செப்டம்பர் 21, ஞாயிறு

மறுபடியும் அந்தப் பேசுகிற பக்கம்.

இன்று சும்மா இருக்கவில்லை. பிரவுசரின் பழைய வரலாற்றைத் தோண்டினேன். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. போன வருஷம் மழைக்காலத்திலிருந்தே இருக்கிறது. பீட்டர் உயிரோடு இருக்கும்போதே.

அவர் செத்த ஞாயிறும் இருக்கிறது.

யோவ். யார்யா அது? ஞாயித்துக்கிழமை ஆனா ஆளு இல்லாத மில்லுல உக்காந்துகினு யாராண்ட மூஞ்சி பாத்துப் பேசுன? "லாரி வரும் ஹெலன், நீ பூசைக்குப் போ, எனக்கும் சேத்து வேண்டிக்கோ"ன்னு சொன்னியே. நானும் பைத்தியக்காரி மாதிரி முழங்கால் போட்டு ஒனக்கும் சேத்து வேண்டினு இருந்தனே. ஒரே கணக்குன்னியே, நமக்குள்ள மறைக்க இன்னா இருக்குன்னியே. ஒளிச்சி வைக்கக்கூடத் தெரியாத மனுஷன், எல்லாத்தையும் என் கண்ணுல படுற மாதிரியே வச்சிட்டுப் போயிருக்க.

செப்டம்பர் 22, திங்கள்

கடை திறக்கவில்லை. பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

செய்துவிட்டேன்.

அந்த பிரவுசரில் ஒரு வசதி உண்டு. இங்கே பார்க்கிற பக்கத்தை இன்னொரு கருவிக்கு அனுப்பலாம். கடையில் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப பீட்டர் சொல்லிக் கொடுத்தது. பூசை முடிந்து கோயில் வாசலிலேயே நின்று, தேடும் பெட்டியில் "யார் இது" என்று அடித்தேன். அந்தத் தேடல் பக்கத்தை அப்படியே எடைமேடைக்கு அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. மில்லில் யார் பார்ப்பார்கள்? "ஹெலன் போனிலிருந்து" என்று அங்கே பெயர் வேறு காட்டும். செத்துப்போன புருஷனுக்கு பொண்டாட்டி தூது விடுகிறாள் என்று டீக்கடையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பதில் ஒன்றும் இல்லை. பேசுகிற பக்கம் மட்டும் சட்டென்று மூடிக்கொண்டது. அதைப் பார்த்தேன். என் கண்ணெதிரே அது மறைந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

ஆதார் அட்டைக்கு ஒருவருக்குப் பெயர் திருத்திக்கொண்டிருந்தேன். மேஜைமேல் போன் அதிர்ந்தது.

"எடைமேடையிலிருந்து ஒரு பக்கம்."

திறந்தால், என்னைப் போலவே தேடும் பெட்டியில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அக்கா நீங்களா"

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இன்னாமா, மூஞ்சி வெளுத்துப்போச்சி, தண்ணி குடி" என்றார். குடித்தேன். அவர் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

பீட்டர் என்னை அக்கா என்று கூப்பிடமாட்டார். அவ்வளவு நிச்சயம். அது தெரிந்ததும் ஒரு நிமிஷம் ஏமாற்றமாக இருந்தது. ச்சீ, என்ன மனசு இது! அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனா நான்?

அக்டோபர் 5, ஞாயிறு

வாரம் முழுக்க அதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்று பேசுகிற பக்கம் திறந்து, மூடும்வரை காத்திருந்தேன். மூடியதும் அனுப்பினேன்: "பீட்டர் இறந்த அன்று இந்தப் பக்கத்தைத் திறந்தது யார்."

வெகுநேரம் கழித்து வந்தது. எழுத்துகளைத் தேடித் தேடி அடித்திருக்க வேண்டும்.

"நான் கூட இருந்தேன் அவர் போகும்போது"

அதற்குப் பிறகு பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது.

கூட இருந்தேன்.

கூட ஆள் இருந்ததாம். நான் இத்தனை மாதம் அந்த ஒற்றைக் கையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறேன், கூட ஆள் இருந்ததாம். இருந்துவிட்டு ஏன் வாயைத் திறக்கவில்லை? என்ன மறைக்க இருக்கிறது? சந்தோஷப்படுவதா செருப்பைக் கழற்றுவதா என்றே தெரியவில்லை எனக்கு.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வி: "விண்டோஸ் பத்து இந்த மாசத்தோட முடியுதாமே, என் லேப்டாப்ப தூக்கிப் போடணுமா?" தூக்கிப் போடவேண்டாம், பென்குயின் போட்டுத் தருகிறேன் என்றால் ஓடுகிறார்கள்.

ரகு வந்தான். அவன் முகமே சரியில்லை. மில்லிலும் இதே பேச்சுதானாம். ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரையும் மாற்றுகிறார்கள். எடைமேடையில் இருப்பது அதைவிடப் பழைய விண்டோஸ், அதுதான் முதலில் போகிறது. புது எடை சாப்ட்வேர் எந்த பிரவுசரிலும் திறக்குமாம்.

"தீபாவளிக்கு முன்னாடி கழட்டிடுவாங்கக்கா. ஒங்களாண்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

கழற்றிவிட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்க எனக்கு வழியில்லை. நேராகவே கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை அந்த ரூம்ல யாருடா?"

அவன் பிரிண்டரைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"செண்பகம்னு ஒரு அக்கா. கான்ட்ராக்ட் ஆளு, யார்டும் எடை ரூமும் கூட்டுறவங்க. பொண்ணு மஸ்கட்ல வேலை செய்யுது. அங்கேர்ந்து போன்ல கூப்ட முடியாதாம், கம்ப்யூட்டர் பிரவுசர்ல வந்தாத்தான் மூஞ்சி பாத்துப் பேசலாமாம். பீட்டரண்ணன்தான் கேமரா வாங்கி மாட்டி வச்சாரு. அவரு போனப்புறம் நானும் சாவிய வாட்ச்மேனாண்ட குடுத்துட்டு வந்துடறேன். வெளிய சொல்லிடாதீங்கக்கா, கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா அந்தக்கா வேலை போயிடும்."

பொண்ணோடு பேசவாம். ஐயோ பீட்டர். ஒளிக்கவே தெரியாத மனுஷன் என்று எழுதினேனே, என்னிடம் சொல்லாமல் இப்படியும் ஒன்று செய்துகொண்டிருந்தாயா?

ஆனால் பீட்டர் போன அன்றைக்கு செண்பகம் உள்ளே இருந்தது ரகுவுக்குத் தெரியாது. பேச்சிலேயே தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சிப்காட் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். கேட்கவேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், பாதி திட்டுதான்.

மில் பக்கமிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். நைலக்ஸ் புடவைக்குமேல் நீலக் கோட்டு, கையில் ஒயர் கூடை. என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள், ஆனால் முடி பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் நடுரோட்டில் நின்றுவிட்டாள். நான் யாரென்று சொல்லவே இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஒங்க போட்டோதான்க்கா கீது" என்றாள். "தொறந்தா மொதல்ல நீங்கதான் தெரிவீங்க. வேளாங்கண்ணில எடுத்தது, பச்சை சேலை."

எனக்கு அது தெரியாது. மில்லே தினமும் என் மூஞ்சியில்தான் விழித்திருக்கிறது.

டீக்கடைக்குப் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்தோம். டீ ஆறிப்போனது. அவள் சொன்னதை மறப்பதற்குள் அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு குணாவாண்ட பேசினு இருந்தேன்க்கா. குணசுந்தரி, எம் பொண்ணு. சார் பக்கத்துல உக்காந்து பேப்பர் பாத்துகினு இருந்தாரு. திடீர்னு வேர்த்துக் கொட்டுது. இன்னா சார்னேன். ஒண்ணுல்ல, கேஸு, அப்டின்னாரு. அப்புறம் சாஞ்சிட்டாரு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. அவரு போன்லதான் 108க்கு அட்ச்சேன். நான்தான்க்கா பேசுனேன், அவரு இல்ல."

"தண்ணி?" என்றேன். எனக்கு வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"குடுத்தேன்க்கா. என் பாட்டில்லேர்ந்து. ரெண்டு வாய் குட்ச்சாரு. தலைய என் மேல சாச்சிப் புடிச்சிக்கினேன்."

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். தண்ணீர் குடித்திருக்கிறார். இரண்டு வாய்.

"குணா அந்தப் பக்கத்துல கத்துது. நான் லைனை கட் பண்ணப் போனேன். சார்தான் கைய நீட்டி வேணாம்னாரு. 'கட் பண்ணாத, அந்தப் பொண்ணு பயந்துடும்'னாரு. அதான்க்கா என்னாண்ட கடைசியா பேசுனது. ஒங்க பேரச் சொன்னாருன்னு நான் பொய் சொல்லலாம். ஒங்களுக்கும் ஆறுதலா இருக்கும். ஆனா சொல்லல. அப்புறம், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்ததால, வண்டி வருதான்னு பாக்க நானே ரோடு முனை வரைக்கும் ஓடினேன். திரும்பி வந்தப்ப கண்ணு மூடியிருந்துச்சி. சைரன் கேட்டாண்ட வந்ததும், லைனை கட் பண்ணிட்டு நான் யார்டு பக்கமா வெளிய போயிட்டேன்."

"ஏன் போன? வாட்ச்மேன் கேட்டா உண்மைய சொல்லவேண்டியதுதானே?" என் குரல் உயர்ந்துவிட்டது. "எத்தினி மாசம் தெரியுமா? தனியா கெடந்து செத்தாருன்னு நெனச்சி நெனச்சி நான் பாதி செத்துட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் கோபம்.

"லீவு நாள்ல சாத்தின ரூம்ல ஒரு பொம்பள கூட இருந்தான்னா இன்னா பேசுவாங்க? என்னைய வுடுங்க, புருஷன் வுட்டுட்டுப் போனவ, எனக்குப் பேரு ஏற்கெனவே வச்சிட்டாங்க. அவரு பேரு இன்னாவும்? பொட்டிக்குப் பக்கத்துல நிக்கிற ஒங்க பேரு இன்னாவும்? அடக்கத்துக்கு வந்தேன்க்கா. கடைசில நின்னேன். ஒங்க மூஞ்சியப் பாத்தேன், கால் வரல."

அவளே தெரியாதபோது, வெறும் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு இந்த நோட்டில் நானே என்னென்ன எழுதியிருக்கிறேன்.

பொண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். சார் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். இரண்டு வருஷ ஒப்பந்தம், தன்னந்தனியாக ஒரு வீட்டில் வேலை, இதையும் எப்படிச் சொல்வது என்றாள்.

எளாவூர் பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "மெஷினை மாத்தறாங்களாம்க்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று சோறு பிசையும்போது அந்தக் கை வரவில்லை. ஒரு பாட்டில்தான் தெரிந்தது.

ஆனால் அவள் வெளியே ஓடிய நேரம் இருக்கிறதே. ரோடு முனை வரைக்கும் போய் வரும் நேரம். அப்போது தனியாகத்தானே இருந்தார்?

போதும் ஹெலன். கொடுத்ததை வாங்கிக்கொள்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் ஏரி திறந்தது. பூண்டி, சோழவரம், புழல். மழை பிடித்துவிட்டது, மூன்றிலும் ஏறியிருக்கிறது.

ரகு போன் செய்தான். "அக்கா, ஆளு வந்துட்டாங்க, கழட்டப் போறாங்க. அண்ணன் கணக்க நான் வெளிய எடுக்கட்டா, இல்ல நீங்களே அங்கேர்ந்து..."

"ஒண்ணும் செய்யாத. கரண்ட்ட மட்டும் புடுங்கு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். பச்சைப் புள்ளி இருந்தது, இருந்தது, போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. அவரைக் குழியில் இறக்கியபோது நான் பார்க்கவில்லை, மயக்கம் போட்டுவிட்டேன். இதை முழுசாகப் பார்த்தேன்.

சாயங்காலம் ஒருத்தர் வந்து, ரயில் டிக்கெட் எடுக்கும் பக்கம் ஏன் உங்கள் கடையில் மட்டும் மெதுவாகத் திறக்கிறது என்று கேட்டார். சத்தம் போடாமல் எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பார்க்க எதுவும் இல்லாத ஞாயிறு. பட்டியலைத் திறந்து மூடினேன்.

அந்த மஸ்கட் பொண்ணு இந்த வாரம் யாரோடு பேசியிருக்கும்? போன வாரமும் பேசியிருக்காதே. எனக்கு இது ஏன் இப்போதுதான் தோன்றுகிறது?

செண்பகத்துக்கு ரகுவிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். ஞாயிறு கடை மூடித்தான் இருக்கும், ஆனால் சாவி என்னிடம்தானே இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு, கல்லறைத் திருநாள்

காலையில் கல்லறைக்குப் போனோம். ஆரோக்கியமேரி சாமந்தி மாலை கொண்டுவந்தாள். மழை ஈரத்தில் மெழுகுவத்தி நிற்கவில்லை, ஒரு செங்கல்லை மறைப்பாக வைத்து ஏற்றினேன். பாதிரியார் தண்ணீர் தெளித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். "இப்பல்லாம் அந்தப் போனப் பாக்கறதில்லையே?" என்று நாத்தனார் கேட்டாள். இல்லை என்றேன்.

மத்தியானம் கடையைப் பாதி ஷட்டர் தூக்கி வைத்தேன். செண்பகம் குனிந்து உள்ளே வந்தாள். நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். ரகுவின் போனிலிருந்து மஸ்கட்டுக்குச் செய்தி போட்டுவிட்டாளாம்.

பக்கம் திறந்தது, ஆனால் கேமராவை எடுக்கவில்லை. கறுப்பாக நின்றது. செண்பகம் முகம் விழுந்துவிட்டது. "பென்குயின்ல வராதாக்கா?" என்றாள். ரகு அதையும் சொல்லியிருக்கிறான் போல. "வராம எங்க போவும்?" என்று நரியை மூடிவிட்டு இன்னொரு பிரவுசரை இறக்கினேன். அதில் அனுமதி கேட்டது, கொடுத்தேன். கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது. யோவ், உன் பென்குயினை நானே ஜெயிக்கவைத்துவிட்டேன் பார்.

திரையில் ஒரு பெண். இருபது, இருபத்தொன்று இருக்கும். தலையில் துண்டு, பின்னால் துவைக்கும் மெஷின். முதலில் அம்மாவைப் பார்த்து ஏன் இரண்டு வாரமாக வரவில்லை என்று சண்டை போட்டது. பிறகு என்னைப் பார்த்தது.

"பச்சை சேலை ஆன்ட்டி" என்றது.

அம்மாவை உட்காரவைத்துவிட்டு, தன் வால்பேப்பர் எப்படி இருக்கிறது என்று பீட்டர் அந்தப் பக்கத்துக்குத் திரையைக் காட்டுவாராம். அந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா?

"அங்கிள் செத்துட்டாருதானே?" என்றது.

செண்பகம் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"தெரியும் ஆன்ட்டி. அம்மா பொய் சொல்லுதுன்னு தெரியும். பாவம், அதுவே கஷ்டத்துல கீதுன்னு நானும் கேக்கல." மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டது. "நான் ஒண்ணு பண்ணிட்டேன். அம்மாவாண்ட கூட சொல்லல. அம்மா வண்டி பாக்க வெளிய ஓடுச்சில்ல, அப்ப அங்கிள் கண்ணத் தொறந்தாரு. நேரா ஸ்கிரீனப் பாத்தாரு. 'ஹெலன்'னாரு."

நான் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"நான் குணான்னு சொல்லணும்தானே? சொல்ல வரல ஆன்ட்டி. 'ஹெலன், வந்துட்டியா'ன்னு கேட்டாரு. 'வந்துட்டேன், இங்கதான் கீறேன்'னுட்டேன். சரின்னு கண்ண மூடிக்கினாரு. அம்மா வர வரைக்கும் இங்கதான் கீறேன், இங்கதான் கீறேன்னு சொல்லினே இருந்தேன். உங்க பேருல பொய் சொல்லிட்டேன். தப்பா ஆன்ட்டி?"

நான் திரையில் அந்த முகத்தையே பார்த்தபடி இருந்தேன். அந்தப் பெண் பயந்துபோய், "ஆன்ட்டி? லைன் நின்னுபோச்சா?" என்று கேட்டது.

"நிக்கல. இங்கதான் கீறேன்" என்றேன். "தப்பில்லடா தங்கம். ஒண்ணும் தப்பில்ல."

பிறகு அம்மாவும் பொண்ணும் பேசினார்கள். சம்பளம், கால்வலி, எளாவூரில் தேங்கிய மழைத் தண்ணீர். நான் பக்கத்து மெஷினில் சும்மா ஏரி மட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தேன்.

நேரமானதும் பேச்சு தீர்ந்தது. செண்பகம் என் பக்கம் சாய்ந்து, "இதுல கட் பண்றது எந்தப் பட்டன்க்கா?" என்றாள்.

"குணா கட் பண்ணட்டும். நாம இருக்கலாம்" என்றேன்.